பிள்ளைகள் ஓடி விளையாடினால் சளி பிடிக்குமா?

(நமது டிரஸ்ட்டின் மக்தப் பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





மக்தப் நேரத்தில் முதல் இருபத்தைந்து நிமிடத்தைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒதுக்கலாம் என்று டிரஸ்ட் யோசிப்பது உங்களுக்குத் தெரியும். அது தெரிந்த நாளிலிருந்து இரண்டு கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. தாய்மார்கள் கேட்பது: "ஓடி வியர்த்தால்தானே பிள்ளைக்குச் சளி பிடிக்குது? மழைக் காலத்துல பாதிப் பேரு இருமிக்கிட்டு இருக்குறப்போ இது தேவையா?" இரண்டாவது கேள்வி வாப்பாமார்களிடமிருந்து. "என் பையன் கால்பந்து கேம்ப்புக்குப் போறான். காலையில ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம். அவ்வளவு ஓடுறவனுக்கு உடம்பு இரும்பு மாதிரி இருக்கணும். ஆனா ஒவ்வொரு டோர்னமென்ட் முடிஞ்சதும் காய்ச்சல்ல படுத்துக்குறான். ஏன்?"

ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பதிலின் முதல் பகுதியைத் தேட நாம் தூரம் போக வேண்டியதில்லை.

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் தினமும் மின்சார ரயில் நிற்கிறதே, தாம்பரம் சானடோரியம், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கும் அந்த இடத்தை 1928-ல் ஒரு தனி மனிதர் தொடங்கினார். டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரி முத்து என்று பெயர். சென்னைக்காரர், இங்கிலாந்தில் படித்த மருத்துவர். அங்கே மெண்டிப் மலைப் பகுதியில் காச நோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்துக்குப் போன கப்பலில் இவரும் பயணம் செய்தார். மூன்று வருடம் கழித்து, காச நோய் என்று கருதப்பட்டு ராமானுஜன் சிகிச்சைக்குப் போன இடங்களில் இவருடைய சானடோரியமும் ஒன்று. திறந்த ஜன்னலும் குளிரும் ராமானுஜனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை. முத்து ஊர் திரும்பி, தாம்பரத்தின் காற்றையும் வெட்ட வெளியையும் பார்த்து இங்கே சானடோரியம் கட்டினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் காச நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அதற்குப் பிறகு அளவான உடல் உழைப்பு, அவ்வளவுதான் சிகிச்சை. இதில் கடைசியாகச் சொன்ன உழைப்பைத்தான் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஃப்ரிம்லி என்ற ஊரில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் ஒரு முறையை வைத்திருந்தார். நோயாளி முதலில் கொஞ்ச தூரம் நடப்பார். அது பழகியதும் கூடையில் மண் சுமப்பார். பிறகு சின்ன மண்வாரி, பெரிய மண்வாரி, கடைசியில் கடப்பாறை போன்ற கனமான கருவி. காய்ச்சல் ஏறினால் உடனே படுக்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த உழைப்பு நோயாளியின் இரத்தத்தில் என்ன செய்கிறது என்று அவருடன் பணியாற்றிய இன்மன் என்ற மருத்துவர் அளந்து பார்த்தார். வெள்ளை அணுக்கள் கிருமியை எவ்வளவு சுறுசுறுப்பாக விழுங்குகின்றன என்பதுதான் அளவுகோல். உழைப்புக்கு ஏற்ப அந்த அளவு மாறுகிறது என்று 1908-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உடற்பயிற்சிக்கும் எதிர்ப்பு சக்திக்கும் உள்ள தொடர்பை அளக்க முயன்ற பழைய முயற்சிகளில் அது ஒன்று.

வெள்ளை அணு கிருமியை விழுங்குவதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு குட்டிப் பிராணியிலிருந்துதான் தொடங்குகிறது. 1882-ல் இத்தாலியின் மெசினாவில் மெக்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால், உடம்புக்குள் அங்கங்கே அலைந்துகொண்டிருந்த செல்கள் எல்லாம் முள்ளைச் சுற்றிக் கூடியிருந்தன. அந்நியப் பொருள் நுழைந்த இடத்துக்குக் காவலர்கள் ஓடி வந்துவிட்டார்கள். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதே மாதிரி விழுங்கும் செல்கள் நம் நுரையீரலின் ஒவ்வொரு காற்றுப் பைக்குள்ளும் இருக்கின்றன. காச நோய்க் கிருமி மூச்சோடு உள்ளே போனால் முதலில் சந்திப்பது இவற்றைத்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போனால் நான் தப்பான செய்தியைக் கொடுத்தவனாவேன். காற்றும் ஓய்வும் உழைப்பும் காச நோயைக் குணப்படுத்தினவா? அதற்கான பதிலும் நம் சென்னையில்தான் கிடைத்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காச நோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில், ஒரே மருந்தை ஒரு வருடம் இரண்டு பிரிவினருக்குக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் இருந்தது. நல்ல சாப்பாடு, காற்று, முழு ஓய்வு. இன்னொரு பிரிவு சென்னையின் நெருக்கமான வீடுகளிலேயே இருந்தது. சாப்பாடு குறைவு, ஓய்வும் குறைவு, வீட்டு வேலையும் வெளி வேலையும் உண்டு. 1959-ல் முடிவு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்ட வீட்டு நோயாளிகள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிய அந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

ஆகவே தாய்மார்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது டி.பி. மாத்திரை நடக்கிறது என்றால், அது முழுதாக முடிய வேண்டும். நடைப்பயிற்சி, கருஞ்சீரகம், தேன் எதுவும் அந்த மாத்திரைக்குப் பதிலாகாது. இருமல் நின்றுவிட்டது என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்துவது பெரிய ஆபத்து. உடற்பயிற்சி மருந்து அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள். அது காவலர்களைத் தயார் நிலையில் வைக்கும் ஏற்பாடு.

எப்படித் தயார் நிலையில் வைக்கிறது என்பதை மனிதர்களிடம் நேரடியாகச் சோதிக்க முடியாது. ஒரு பிள்ளையை ஓடவிட்டு, இன்னொரு பிள்ளையை உட்கார வைத்து, இருவருக்கும் கிருமியைக் கொடுத்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அதனால் சுண்டெலிகளிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். வாயில்லா ஜீவன்கள், கேட்கும்போது நமக்கும் மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் அவற்றிடமிருந்து தெரிய வந்ததைத் தெரிந்துகொள்வது நம் பிள்ளைகளுக்கு நல்லது.

அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1997-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று. சுண்டெலிகளில் சிலவற்றை ஓடவிடவில்லை. சிலவற்றை டிரெட்மில்லில் மிதமாக ஓட வைத்தார்கள். இன்னும் சிலவற்றை, இனி முடியாது என்று சோர்ந்து நிற்கும் வரை மணிக்கணக்கில் ஓட வைத்தார்கள். பிறகு எல்லாவற்றின் மூக்கிலும் ஒரே வைரஸ். சோர்ந்து விழும் வரை ஓடிய கூட்டம்தான் அதிகம் நோயுற்றது, அதிகம் இறந்தது. காற்றுப் பைக்குள் இருக்கும் அந்த விழுங்கும் செல்களை எடுத்துச் சோதித்தபோது, வைரஸைத் தடுக்கும் அவற்றின் திறன் குறைந்திருந்தது தெரிந்தது. மிதமாக ஓடியவற்றுக்கு அந்தக் கேடு வரவில்லை.

2005-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் இன்னொரு ஆய்வு. இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் கொடுத்த சுண்டெலிகளில் ஒரு கூட்டம் தினமும் இருபது முப்பது நிமிடம் நிதானமாக ஓடியது, சில நாட்கள் மட்டும். ஓடாமல் இருந்த கூட்டத்தைவிட இந்தக் கூட்டத்தில் பிழைத்தவை தெளிவாக அதிகம். தினமும் இரண்டரை மணி நேரம் ஓட வைக்கப்பட்டவற்றின் உடல்நிலையோ மோசமாகவே கெட்டது. எலி ஒன்றுதான், கிருமியும் ஒன்றுதான். வித்தியாசம் ஓடிய நேரத்தில் மட்டும். கால்பந்து கேம்ப்புப் பையனின் வாப்பா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதில் வந்துவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு, காய்ச்சல் வந்த பிள்ளையை ஓடவிடலாம் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அது ஆய்வுக்கூடத்து எலி. மனிதர்களில் சில வைரஸ்கள் இதயத் தசையைத் தாக்கும், அந்த நேரத்தில் ஓடினால் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சு இருமல் இருந்தால் பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2021-ல் நேச்சர் இதழில் வெளிவந்தது, டல்லாஸ் நகரத்து விஞ்ஞானிகள் செய்தது. இதில் எலிகளை யாரும் விரட்டவில்லை. கூண்டில் ஒரு சுழல் சக்கரத்தை வைத்தார்கள், எலிகள் தாமாகவே ஏறி ஓடின. இரத்த அணுக்கள் பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜை என்று படித்திருப்பீர்கள். அதற்குள், சின்ன இரத்தக் குழாய்களை ஒட்டி, ஒரு வகைத் துணைச் செல்கள் இருக்கின்றன. நடக்கும்போதும் ஓடும்போதும் எலும்பில் விழும் அழுத்தத்தை இந்தச் செல்கள் உணர்கின்றன. அழுத்தத்தை உணரும் அந்தச் சின்னக் கதவைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அதே 2021-ல் லெபனானில் பிறந்த பட்டபூட்டியன் என்பவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அழுத்தம் பட்டால் அந்தத் துணைச் செல்கள் பெருகுகின்றன. அவை இருந்தால்தான் பக்கத்தில் லிம்ஃபோசைட் என்ற காவல் அணுக்களின் தாய்ச் செல்கள் நன்றாக வாழ்கின்றன. ஓடிய எலிகளில் இவை இரண்டும் கூடின. ஆராய்ச்சியில் அந்த இடத்தைச் சேதப்படுத்தியபோது, பாக்டீரியாவை உடம்பிலிருந்து விரட்டும் சக்தியும் குறைந்தது. இந்தத் துணைச் செல்கள் இளம் வயதில் நிறைய இருக்கின்றன, வயதாக ஆகக் குறைகின்றன. நம்மைப் போன்ற ஐம்பது தாண்டியவர்கள் நடந்தாலும் பலன் உண்டு. ஆனால் விளைநிலம் முழுதாக இருப்பது பிள்ளைகளிடம்தான்.

எலியிடம் பார்த்தது எல்லாம் அப்படியே மனிதப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். மனிதர்களின் இரத்தத்தில் பார்த்தது இது: வேகமாக நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஏறுகிறது. இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா இருந்த அணுக்கள், இரத்த ஓட்டத்தின் வேகத்தாலும் அட்ரினலினாலும் பிய்த்துக்கொண்டு ரோந்துக்குக் கிளம்புகின்றன. கடுமையான பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவற்றில் லிம்ஃபோசைட்டுகளின் எண்ணிக்கை முன்பிருந்ததைவிடக் கீழே போகிறது. முன்பு இதைப் பார்த்து, எதிர்ப்பு சக்தி விழுந்துவிட்டது, கிருமிக்குக் கதவு திறந்துவிட்டது என்று சொன்னார்கள். பிறகு எலிகளின் அணுக்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிப் பின்தொடர்ந்து பார்த்தால், அவை அழியவில்லை. நுரையீரலுக்கும் குடலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போய் உட்கார்ந்திருந்தன. பெரும்பாலான கிருமிகள் நுழையும் வாசல்கள் நுரையீரலும் குடலும்தானே.

அப்படியானால் டோர்னமென்ட் முடிந்ததும் காய்ச்சல் ஏன்? 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானில் ஓடியவர்களிடம் விசாரித்தபோது, ஓட்டத்துக்கு அடுத்த வாரம் நூற்றில் பதின்மூன்று பேர் நோயுற்றதாகச் சொன்னார்கள். பெயர் கொடுத்துவிட்டு ஓடாமல் இருந்தவர்களில் அது நூற்றில் இரண்டு பேர்தான். இதற்கு உடல் சோர்வு மட்டும் காரணமா, கூட்டம், பயணம், தூக்கக் குறைவு ஆகியவையும் காரணமா என்று விஞ்ஞானிகள் இன்றும் வாதாடுகிறார்கள். நம் பையன்களைப் பாருங்கள். விடியற்காலை எழுந்து வேன் பிடித்து, ஒரே தண்ணீர் பாட்டிலைப் பத்துப் பேர் வாய் வைத்துக் குடித்து, இரவு பதினோரு மணி வரை செல்போனில் மேட்ச் வீடியோ பார்த்துவிட்டு, மறுநாள் மீண்டும் நாலு மணி நேரம். எது காரணமாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, தினமும் எட்டு ஒன்பது மணி நேரத் தூக்கம், அவரவருக்குத் தனி பாட்டில். இதற்கு ஒத்துக்கொள்ளாத கோச்சிடம் நம் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தாய்மார்களின் கேள்விக்கு வருகிறேன். சளியைக் கொடுப்பது வைரஸ், வியர்வை அல்ல. அந்த வைரஸ் பரவ வசதியான இடம், ஜன்னலை மூடிய அறைக்குள் முப்பது பேர் நெருக்கி உட்காருவது. அதாவது, நம் மக்தப் அறை. அதையும் மாற்றுகிறோம், மழை நாளிலும் மேல் ஜன்னல்கள் திறந்திருக்கும். வியர்த்த சட்டையை மாற்றுவது நல்ல பழக்கம்தான், அதை விட வேண்டாம்.

எவ்வளவு ஓட வேண்டும்? ஐந்து முதல் பதினேழு வயது வரை சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை மொத்தமாகச் செய்ய வேண்டியதில்லை. மிதம் என்றால் என்ன என்பதற்குக் கருவி தேவையில்லை. பிள்ளைக்குப் பேச வரும், ஆனால் பைத் பாட மூச்சு வராது. அதுதான் அளவு. "ஐந்து வேளை தொழுகையே உடற்பயிற்சிதானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சி என்று விளம்பரம் செய்வது எனக்கு உடன்பாடில்லை. ருகூவும் சுஜூதும் மூட்டுக்கு நல்லது, ஆனால் பிள்ளையின் இதயம் வேகமாகத் துடிக்க அது போதாது. நம் நபி (ஸல்) அவர்கள் தொழுகையோடு நிறுத்திக்கொண்டவர்கள் அல்ல. ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததும், முதலில் ஆயிஷா (ரலி) அவர்கள் வென்றதும், பிற்காலத்தில் நபி (ஸல்) அவர்கள் வென்றதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

ஓடியவர் ஒரு பெண்மணி என்பதைக் கவனியுங்கள். இன்று நான் உங்கள் முன்னால் நிற்பதற்கு உண்மையான காரணம் இதுதான். நம் பகுதியில் பையன்களுக்குத் தெரு இருக்கிறது, மைதானம் இருக்கிறது. பெண் பிள்ளைகள் பத்து வயதானதும் ஓடுவதை நிறுத்திவிடுகிறார்கள், அல்லது நாம் நிறுத்திவிடுகிறோம். பள்ளி வேனில் ஏறி, வீட்டு வாசலில் இறங்கி, டியூஷன், மக்தப், தூக்கம். எலும்பில் அழுத்தம் விழ வேண்டிய வயதில் அவர்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து அவர்களே தாயாகும்போது இரத்த சோகை, முதுகு வலி, சர்க்கரை என்று அதே பிள்ளைகளுக்கு நாம் மருத்துவ உதவி நிதியிலிருந்து பணம் கொடுக்கிறோம். டிரஸ்ட் கணக்கைப் பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்.

ஏற்பாடு இதுதான். மக்தப் மொட்டை மாடியின் நாலு பக்கமும் ஆளுயரத் தடுப்பு கட்டுகிறோம். அஸருக்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்கு மாடி, பையன்களுக்குக் கீழே முற்றம். ஸ்கிப்பிங் கயிறு, இறகுப் பந்து, ஓடிப் பிடித்து விளையாடுவது, இவ்வளவே. மாடியில் ஆலிமா இருவர் இருப்பார்கள். ஜி.எஸ்.டி. சாலையோரம் புழுதியிலும் புகையிலும் யாரையும் ஓட விடப் போவதில்லை. மாடித் தரை சுடும் சித்திரை, வைகாசி மாதங்களில் நேரத்தை மஃரிபுக்குப் பிறகு மாற்றிக்கொள்வோம். ரமலானில் நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டு கிடையாது. ஓதும் நேரம் குறையுமே என்ற கவலைக்கு ஹஜ்ரத் அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். தூங்கி வழியும் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பதைவிட, விழித்திருக்கும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போதும் என்றார்கள். செலவு முழுவதும் லில்லாஹ் நிதியிலிருந்து. ஜகாத் பணத்திலிருந்து ஒரு பைசாகூட இதற்குத் தொடப்படாது.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அவர் எழுதிக் கொடுத்ததை அலுவலகத்தில் கொடுங்கள். இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை அதை மாடிக்கும் கொண்டு வர வேண்டும். சம்மதப் படிவம் வாசல் மேஜையில் இருக்கிறது. பையனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மகளுடையதை மடித்துப் பையில் வைக்கும் வாப்பாமார்களை நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது கேள்விகளுக்கு வருவோம். முதலில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேளுங்கள், மைக் அங்கே வருகிறது.